கோப்பை கண்டியில், பிள்ளைகள் எங்கே?

இலங்கையின் முதல்தரக் கழக ரக்பி அணிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். சீ.ஆர். அண்ட் எஃப்.சி., சீ.எச். அண்ட் எஃப்.சி., ஹெவ்லொக், பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை எல்லாமே கொழும்பிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஒரேயொரு புள்ளி மட்டும் 115 கிலோமீற்றர் தள்ளி, மலைக்கு மேலே தனியாக நிற்கும். அது நித்தவெல. கண்டி விளையாட்டுக் கழகத்தின் வீடு.

தனியாக நிற்பது பெரிதல்ல; தனியாக நின்று வென்றதுதான் பெரிது. 1990களின் நடுப்பகுதி தொடங்கி லீக் கிண்ணம், கிளிஃபர்ட் கிண்ணம் என்று கண்டி வென்ற பருவங்களை எண்ணுவதைவிட, வெல்லாத பருவங்களை எண்ணுவது சுலபம். கோவிட் வந்து போன பிறகும் கண்டி பட்டம் வென்றது. கொழும்புக் கழகங்களின் ரசிகர்கள் இதை ரசிப்பதில்லை. "இந்த முறையும் கண்டிதானா?" என்று அலுத்துக்கொண்டே மைதானத்துக்கு வருவார்கள்.

ஆனால் இந்த வெற்றிக்கு நேர் கீழே வேறொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க நித்தவெலவில் சனிக்கிழமை பின்னேரம் கழக ஆட்டம் பார்த்தால் போதாது. பாடசாலை லீக்கின் புள்ளிப் பட்டியலைப் பார்க்கவேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் இருந்தவை இசிபத்தன, றோயல், புனித பீட்டர்ஸ், புனித ஜோசப், ஸாஹிரா, வெஸ்லி. எல்லாம் கொழும்பு. திரித்துவக் கல்லூரி அவ்வப்போது எழுந்து நிற்கும். கிங்ஸ்வூட் சில பருவங்களில் மிரட்டும். மற்றக் கண்டிப் பாடசாலைகள் நடுவிலோ, அதற்கும் கீழேயோ. நாட்டுக்கு ரக்பியைக் கற்றுக்கொடுத்த ஊரின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் ஏன் மேலே இல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுத்த பத்து ஆண்டுகளில் கண்டி அணிகள் எங்கே நிற்கும் என்று பேச முடியாது.

பிளேஸ் தொடக்கிவைத்த ஆட்டம்

நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் என்பது மிகை இல்லை. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர் 1891இல் கண்டியில் ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் அது கிங்ஸ்வூட் கல்லூரி ஆயிற்று. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் கையில் முதன்முதலாக முட்டை வடிவப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதின. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் ரக்பியில் எதிரெதிரே நின்றது அதுவே முதல் தடவை. ஆட்டம் ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. யாரும் தோற்காமல் தொடங்கிய ஒரு பாரம்பரியம். பிறகு வந்த நூற்றிருபது ஆண்டுகளில் கண்டிப் பாடசாலைகளுக்கு இடையே அந்த நாகரிகம் நீடித்தது என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் திரித்துவத்தின் அதிபராக இருந்தவர் ஏ.ஜி. ஃபிரேசர். அவர் தொடங்கி, திரித்துவத்தில் ரக்பி விளையாட்டு என்பதைத் தாண்டிய ஒன்றாக வளர்ந்தது. அங்கே ஒரு விளையாட்டில் தலைசிறந்து விளங்கும் மாணவனுக்குக் கிடைக்கும் 'சிங்கம்' விருது அவன் பெயரோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். கொழும்பு றோயல் கல்லூரியோடு திரித்துவம் மோதும் பிரெட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. அப்போது றோயலின் அதிபராக இருந்த ஈ.எல். பிரெட்பியின் பெயர் அதற்கு. ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். லீக் பட்டத்தை இழந்தாலும் பிரெட்பியை இழக்கக்கூடாது என்று நினைக்கும் திரித்துவப் பழைய மாணவர்கள் இன்றும் உண்டு. இந்த மனநிலையை எளிதாகச் சிரித்துவிட்டுப் போகமுடியாது. அதில் கண்டி ரக்பியின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பாடசாலைகளுக்கு முன்பே துரைமார் வந்துவிட்டார்கள். கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் பிறந்தது. கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட வெள்ளைக்காரர்கள் வார இறுதியில் ஆடிய ஆட்டம் அது. மலையகம் முழுவதும் அப்படி அணிகள் இருந்தன: டிம்புள்ள, டிக்கோயா, ஊவா. மலைநாட்டு அணிக்கும் தாழ்நில அணிக்கும் நடக்கும் ஆட்டங்கள் அந்நாளைய பெரிய விழாக்கள். டிக்கோயா மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம் பாட்டிமார், தூரத்தில் துரைமார் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது எந்த வரலாற்றிலும் எழுதப்படவில்லை.

1970களில் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆயின, துரைமார் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு அந்த மலையக அணிகளின் பொற்காலமும் போயிற்று. டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்ற பெயர்கள் முதல்தர ரக்பியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. கண்டி மட்டும் நின்றது. காரணம் கடினமானதல்ல. மற்ற அணிகள் பங்களாக்களை நம்பி இருந்தன. கண்டி ஒரு நகரத்தையும் அதன் பாடசாலைகளையும் நம்பி இருந்தது. திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜ, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார், புனித சில்வெஸ்டர், வித்யார்த்த, ஸ்ரீ சுமங்கல என்று நித்தவெலவிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் இத்தனை பாடசாலைகள். வருடாவருடம் பத்தொன்பது வயதுப் பையன்கள் வெளியே வருவார்கள். அவர்களில் நல்லவர்களைக் கழகம் அள்ளிக்கொள்ளும். இதுதான் கண்டியின் அசல் இயந்திரம்.

இயந்திரம் மாறிய விதம்

1990களில் கழகம் தன்னை வேறு மாதிரிக் கட்டத் தொடங்கியது. நீண்ட காலம் கழகத்தின் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமைச்சரான மலிக் சமரவிக்ரம. அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். ரக்பியில் அவர் செய்ததை மறுக்கமுடியாது. பொழுதுபோக்கு மனப்பான்மையோடு இருந்த ஒரு விளையாட்டில் நிர்வாகம், அனுசரணை, வீரர்களின் தொழில், வருடம் முழுவதும் உடற்பயிற்சி என்று எல்லாவற்றையும் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கில் அவர் கொண்டுவந்தார். நியூசிலாந்திலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் பயிற்றுநர்கள் வந்தார்கள். ஃபீஜி வீரர்கள் நித்தவெலவில் ஆடிய பருவங்களும் உண்டு. கண்டிப் பொடியன்கள் அவர்களிடம் ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் பந்தைத் தட்டிவிடும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். கொழும்புப் பாடசாலைகளில் பெயரெடுத்த பையன்களும் மலையேறத் தொடங்கினார்கள். 1990களின் இறுதியில் போகம்பறை மைதானத்தில் சர்வதேச எழுவர் ரக்பித் தொடரும் நடந்தது. வெளிநாட்டு அணிகள் கண்டி நகர மத்தியில் ஓடியதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது.

உள்ளூர் ஊற்று அப்போதும் வற்றிவிடவில்லை. கிங்ஸ்வூட்டிலிருந்து வந்த பிரியந்த ஏக்கநாயக்க நாட்டு அணிக்குத் தலைமை தாங்கினார். அதே கல்லூரியின் ஃபாசில் மரிஜா பத்தாம் இலக்கச் சட்டையில் ஆண்டுக்கணக்காகக் கண்டியை வழிநடத்தினார், தேசிய அணிக்கும் தலைவரானார், ஓய்வுக்குப் பிறகு அதே கழகத்தின் பயிற்றுநராகவும் வந்தார். மரிஜா ஆடிய காலத்தில் கண்டி அணி ஓடும் பாதையை அவருடைய கால் தீர்மானித்தது என்று சொன்னால், நித்தவெல மேட்டில் உட்காருகிற எவரும் மறுக்கமாட்டார்கள். எதிரணி முன்னேறிப் பாய வரும்போது அவர்களுடைய தலைக்கு மேலாகச் சின்னதாக ஓர் உதை, அதைத் துரத்தி ஓடும் விங்கர், ட்ரை. எத்தனை முறை பார்த்தோம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியிலிருந்து தயாரான வீரர்களைக் கொண்டுவரும் கழகத்துக்கு உள்ளூர்ப் பாடசாலைகள் வீழ்ந்தால் உடனே வலிக்காது. வலி பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தப் பத்து வருடத்தின் இறுதிக்கு நாம் வந்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

பையன்கள் இறங்கும் பாதை

கண்டிப் பாடசாலையில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு பையன் பளிச்சென்று தெரிகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முன்னால் என்னென்ன வழிகள்? சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புப் பெரிய பாடசாலை ஒன்று விளையாட்டுப் புலமைப்பரிசில் தரத் தயாராக இருக்கும். தங்குமிடம், உணவு, உடற்பயிற்சிக் கூடம், வார இறுதியில் தொலைக்காட்சியில் ஆட்டம். பெற்றோருக்கு வேறு கணக்கு: கொழும்பில் உயர் தரம் படித்தால் நல்ல டியூஷன், பிறகு வேலை. பாடசாலை மாறும் வீரர்கள் பற்றிய சண்டை ரக்பி வட்டாரத்தில் பழைய சண்டை. ஒவ்வொரு பருவத்திலும் புதுப் பெயர்களோடு திரும்பி வரும். போகிற பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. போகும்படியாக ஊர் இருக்கிறதே என்பதுதான் குறை.

பாடசாலை முடிந்ததும் அடுத்த இறக்கம். முப்படைகளும் பொலிஸும் ரக்பி ஆடும் இளைஞனுக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் தருகின்றன. கொழும்புக் கழகங்களுக்குப் பின்னால் வங்கிகளும் பெரிய கம்பனிகளும் இருக்கின்றன. கண்டியில் என்ன இருக்கிறது? சுற்றுலா, கடைத்தெரு, சில வங்கிக் கிளைகள், அரச காரியாலயங்கள். ரக்பி வீரனுக்கு மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்குப் போக விடுமுறை தரக்கூடிய முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கழகம் இந்தக் குறையை அனுசரணையால் நிரப்பி வந்திருக்கிறது. அனுசரணை என்பது வருடாவருடம் புதிதாகக் கேட்டு வாங்கவேண்டிய பணம்.

தூரமும் ஒரு செலவு. கொழும்புப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று அரைமணி நேரத்தில் போய்வரலாம். வாரநாளில்கூடப் பயிற்சி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம். கண்டி அணி கொழும்பில் ஆட வேண்டுமானால் கடுகண்ணாவைக் கணவாயில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கவேண்டும். மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டி வரை அது இன்னும் வந்து சேரவில்லை. மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் மடங்கிக் கிடந்த முன்வரிசைப் பையன் இறங்கியதும் ஸ்க்ரமில் தோள்கொடுக்கவேண்டும். கண்டி ரசிகர்கள் தோல்விக்குச் சொல்லும் சாக்குகளில் இது ஒன்றுதான் நியாயமானது.

பிறகு 2022. நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ஏப்ரலில் அறிவித்தது. ரூபாயின் பெறுமதி சில வாரங்களில் பாதியளவுக்கு இறங்கியது. முட்டை, பால்மா, கோழியிறைச்சி மூன்றும் வீட்டில் ஆடம்பரப் பொருளாயின. ரக்பிக்கு இவைதான் எரிபொருள். ஒரு பதினேழு வயது லொக் வீரன் தன் எடையைக் காக்கச் சாப்பிடும் அளவை, மத்தியதரக் கண்டிக் குடும்பம் ஒன்றின் மாத வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். கொழும்பின் வசதியான பாடசாலைகளில் பழைய மாணவர் சங்கங்கள் அந்தச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்தன. கண்டியில் திரித்துவத்துக்கு அந்தப் பலம் உண்டு. சுமங்கலவுக்கும் சில்வெஸ்டருக்கும் அதே அளவு பலம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்கு முன்பே கோவிட்டால் பாடசாலை ரக்பி நின்றுபோயிருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் டெக்கிள் பழகவேண்டிய ஒரு தொகுதிப் பிள்ளைகள் அந்த வயதை வீட்டுச் சுவருக்குள் கழித்தார்கள்.

நிர்வாகம் வேறு தன் பங்குக்குச் செய்தது. 2023இல் விளையாட்டு அமைச்சு இலங்கை ரக்பி நிர்வாகத்தில் தலையிட, வேர்ல்ட் ரக்பி இலங்கையை இடைநிறுத்தியது. கொழும்பில் நடந்த நாற்காலிச் சண்டைக்கு மலையிலிருந்த பிள்ளைகளும் சேர்ந்தே விலை கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் மேலும் எழுதினால் கட்டுரை அரசியலாகிவிடும்.

கெரி மாவட்டம் சொல்லும் சேதி

சனத்தொகையும் பணமும் குறைந்த ஒரு பிரதேசம் தலைநகரோடு மோதி நிற்க முடியுமா? இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகம் விவாதித்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அவர்களுடைய தேசிய ஆட்டம் கேலிக் உதைபந்து. ரக்பி போலவே ஓர் அணியில் பதினைந்து பேர். கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் அதை நடத்துகிறது. அதில் ஒரு விதி நமக்கு விசித்திரமாகத் தெரியும்: மாவட்ட அணிக்கு ஆடுகிற எவருக்கும் சம்பளம் இல்லை. ஆசிரியர், பொலிஸ்காரர், வங்கி ஊழியர், விவசாயி எல்லோரும் வேலை முடிந்து வந்து ஆடுகிறார்கள். வீரனை விலைக்கு வாங்கும் சந்தை அங்கே கிடையாது. ஒருவன் தன் ஊருக்கே ஆடுகிறான்.

தலைநகரான டப்ளின் 2015 முதல் 2020 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. அப்போது நாடே கொதித்தது. டப்ளினில் பதினான்கு லட்சத்துக்கும் மேல் சனம், அங்கேயே பணம், அங்கேயே பயிற்றுநர்கள். சின்ன மாவட்டங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும், டப்ளினை இரண்டாகப் பிரித்துவிடலாமா என்றுகூடப் பேசினார்கள். கொழும்பைப் பற்றி நாம் பேசுவதும் இதேதான். ஆனால் அந்தப் பட்டத்தை வரலாற்றில் அதிகமுறை வென்ற மாவட்டம் டப்ளின் அல்ல, கெரி. 2025இலும் கெரிதான் வென்றது. அது 39ஆவது தடவை. கெரியின் சனத்தொகை என்ன? 2022 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 13.7 லட்சம். கெரியைப்போல எட்டு ஒன்பது மடங்கு. கொழும்பு மாவட்டத்திலோ அதே ஆண்டில் 23 லட்சம். ஆள் பற்றாக்குறை என்று நாம் அழ முடியாது.

கெரி எதைக் கொண்டு நிற்கிறது? அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழகம். மீனவக் கிராமமாக இருந்தாலும், மலையடிவார விவசாயக் குடியிருப்பாக இருந்தாலும், ஆறு வயதுப் பிள்ளைக்குப் போய்ப் பந்து பிடிக்க ஓர் இடம் உண்டு. எந்தப் பாடசாலை என்பது இரண்டாம் கேள்வி. மாவட்ட அணி அந்த ஊர்க் கழகங்களின் மேல் நிற்கிறது.

கண்டியில் ஒரு பிள்ளை ரக்பிக்குள் நுழைவதற்கு ஒரேயொரு கதவுதான்: ரக்பி ஆடும் ஒரு பாடசாலையில் அனுமதி. முதலாம் ஆண்டிலோ, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலோ அந்தப் பாடசாலைக்குள் போகாத பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும், எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும், ரக்பிக்கு அவன் இல்லை. நித்தவெலவைச் சுற்றியிருக்கும் ஏழெட்டுப் பாடசாலைகளுக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை யோசித்துப் பாருங்கள். பிரெட்பி, பழைய மாணவர் பெருமை, 'சிங்கம்' என்று நான் முன்னால் சொன்ன அத்தனை உணர்ச்சியும் இங்கேதான் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியாகிறது. பாடசாலைப் பெருமைதான் கண்டி ரக்பியை நூறு வருடங்களுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது. அதே பெருமைதான் ஆட்டத்தைப் பாடசாலை மதிலுக்குள் பூட்டியும் வைத்திருக்கிறது.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

நம்மவர்களைப் பற்றியும் பேச வேண்டும். கண்டி மாவட்டத்தில் பத்தில் ஒருவர் தமிழர், ஏழில் ஒருவர் முஸ்லிம். தமிழ் பேசும் வீடுகள் கண்டியில் சிறுபான்மை என்றாலும் சின்னக் கூட்டம் அல்ல. கிங்ஸ்வூட், திரித்துவம், புனித அந்தோனியார், புனித சில்வெஸ்டர் போன்ற பாடசாலைகளில் படித்த தமிழ், முஸ்லிம், மலாய்ப் பையன்கள் ஆட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். திரித்துவத்தில் படித்த லக்ஷ்மன் கதிர்காமர் ரக்பி ஆடியவர்தான், அவருடைய கிரிக்கெட்டும் தடகளமும் அதை மறைத்துவிட்டன. புனித அந்தோனியார் உலகத்துக்குக் கொடுத்த முத்தையா முரளிதரன் பந்தைச் சுழற்றத்தான் போனார், போனது நல்லதுதான்.

ஆனால் கண்டியின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ரக்பி இல்லை என்றே சொல்லலாம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டப் பாடசாலைகள் ரக்பிப் பந்தையே கண்டதில்லை. ஒரு காலத்தில் மலையகத்தில் ரக்பி தோட்டத்துரையின் ஆட்டம். இன்று அதே மலைச்சரிவில் வாழும் பிள்ளைக்கு அது தொலைக்காட்சியில்கூடத் தற்செயலாகத் தெரியும் ஓர் ஆட்டம். தோட்ட லயத்திலிருந்து பாடசாலைக்குத் தினமும் மலையேறி இறங்கும் பையனின் நுரையீரலுக்கு எந்தப் பயிற்றுநரும் ஈடு செய்யமுடியாது. உதைபந்திலும் ஓட்டத்திலும் அவனை மாகாண மட்டத்தில் பார்க்கிறோம். ரக்பியில் பார்ப்பதில்லை.

உடனே ஒரு பதில் வரும்: தோட்டப் பிள்ளைகளுக்கு ரக்பிக்குரிய உடம்பு இல்லை என்று. இதில் ஓர் உண்மையும் ஒரு பொய்யும் கலந்திருக்கின்றன. 2016 குடிசன சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் நூற்றுக்கு 17. தோட்டப்புறத்தில் அது 32. இது வெட்கப்படவேண்டிய எண், அதற்கு ரக்பியைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் எல்லோரும் ஸ்க்ரமில் முட்டுவதில்லை. ஸ்க்ரம்-ஹாஃப் சின்ன உடம்பாக இருந்தால்தான் வசதி. விங்கருக்கு வேகம் போதும். எழுவர் ரக்பியில் இன்னும் அப்படி. தொட்டு ஆடும் ரக்பிக்கு உடம்பே தேவையில்லை. டெக்கிளே கிடையாது, பந்தும் ஒரு வெறுந்தரையும் போதும். வேர்ல்ட் ரக்பியின் 'கெட் இன்டூ ரக்பி' திட்டம் இலங்கையிலும் நடந்ததுதான். அது ஒருநாள் முகாமாக வந்து, படமெடுத்து, போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு தொப்பி மட்டுமே.

தட்டையான நிலம் கண்டியில் தங்கம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. திரித்துவத்துக்குப் பல்லேகலவில் தனி ரக்பி மைதானம் இருக்கிறது. தர்மராஜவும் கிங்ஸ்வூட்டும் மலைமேல் இருந்தும் தங்களுக்கென்று நிலம் வைத்திருக்கின்றன. மற்றவர்கள் நித்தவெலவுக்கும் போகம்பறைக்கும் நேரம் கேட்டு நிற்கவேண்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் பல அணிகள் ஒரே புல்லில் ஆடினால் ஏப்ரல் வருவதற்குள் அது சேறாகிவிடும். மாகாண சபையோ மாநகர சபையோ ஒரு செயற்கைப் புல் மைதானம் போட்டுக் கொடுத்தால், அது வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவரைவிட அதிகம் வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம். ஏற்காதவர்கள் இருப்பார்கள்.

அடுத்த பத்து ஆண்டு

கண்டி விளையாட்டுக் கழகம் நாளைக்கே வீழ்ந்துவிடாது. பெயரும் பணமும் அமைப்பும் இருக்கிற வரை வெளியூர் வீரர்கள் வருவார்கள், அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கிண்ணமோ இரண்டு கிண்ணமோ வரலாம். ஆனால் முன்புபோல எதிராளிகளே இல்லாத காலம் திரும்பாது என்று நினைக்கிறேன். கொழும்புக் கழகங்கள் கண்டியைப் பார்த்தே பாடம் படித்துவிட்டன. வருடம் முழுவதும் பயிற்சி, ஊதியம், உடற்பயிற்சி நிபுணர் எல்லாம் இப்போது எல்லோரிடமும் உண்டு. எல்லோரும் ஒரே சந்தையில் வீரர்களை வாங்கத் தொடங்கினால், சந்தைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கே மலிவு. அந்தச் சந்தை கொழும்பில் இருக்கிறது.

நாட்டு அணிக்கும் இதில் அக்கறை இருக்கவேண்டும். 2025இல் ஆசியாவின் மேல்வரிசையில் ஹொங்கொங், தென்கொரியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றோடு இலங்கை மோதியது. அந்தத் தொடரை வென்ற ஹொங்கொங் 2027 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஒரு நகரத்தின் ஏழெட்டுப் பாடசாலைகளிலிருந்து மட்டும் ஆள் எடுத்து ஹொங்கொங்குக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைத் தாண்ட முடியாது.

பணம் பெரிய அளவில் தேவைப்படாத சில காரியங்கள் கண்டியால் செய்யக்கூடியவை. கழகம் தன் பெயரில் பத்து வயது, பன்னிரண்டு வயது, பதினான்கு வயது அணிகளைத் தொடங்கி, எந்தப் பாடசாலை என்று கேட்காமல் பிள்ளைகளைச் சேர்க்கலாம். நித்தவெலவில் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கம்பளை, மாத்தளை, நாவலப்பிட்டி, கலஹா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொறுப்பாசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, ஐந்து பந்துகள் கொடுத்துவிடலாம். பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் அணிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை மாவட்டத்துப் பொதுப் பயிற்றுநர் ஒருவருக்குக் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னது நடக்காது என்று கண்டிக்காரர் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திரித்துவமும் கிங்ஸ்வூட்டும் ஒரே பெட்டியில் காசு போடுவதா?

அடுத்த பருவத்தில் கண்டி விளையாட்டுக் கழகத்தின் முதல் ஆட்டத்துக்கு 23 பேர் கொண்ட பட்டியல் வெளிவரும்போது ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி மாவட்டத்துப் பாடசாலையில் பந்து பிடிக்கக் கற்றவர்களின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். அவர்களில் எத்தனை பேர் திரித்துவமும் கிங்ஸ்வூட்டும் அல்லாத பாடசாலைகளில் இருந்து வந்தவர்கள் என்றும், எத்தனை பேர் தமிழ்மொழிப் பாடசாலையில் படித்தவர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து வருடம் கழித்து இதையே இன்னொரு முறை செய்து பாருங்கள். கிண்ணம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்த இரண்டு பட்டியலுக்கும் இடையிலான வித்தியாசம் கண்டி ரக்பியைப் பற்றி அதிகம் சொல்லும்.